இரண்டு பட்டியலிலும் 42: ஒன்றில் மன்னார், மற்றதில் கிளிநொச்சி. எதை நம்புவது?

வன்னிமழை, கிளிநொச்சி

எல்லோருக்கும் வணக்கம். நான் ஒரு சிறிய நிவாரண அமைப்பில் தகவல் வேலை பார்க்கிறேன். இலங்கையைத் தாக்கிய டித்வா புயலுக்குப் பிறகு எங்களைப் போன்ற ஆறேழு அமைப்புகள் சேர்ந்து, யார் எந்த ஊருக்கு என்ன கொடுத்தோம் என்று ஒரே பட்டியல் தயாரிக்கிறோம். அந்தப் பட்டியல் என் பொறுப்பு.

போன புதன்கிழமை ஒரு அமைப்பிலிருந்து எக்செல் தாள் வந்தது. ஊர்ப் பெயர் இல்லை, மாவட்டப் பெயரும் இல்லை. "எல்கே-42" என்ற குறியீடும் "பாய் 180, சமையல் பாத்திரம் 180 தொகுதி" என்பதும் மட்டும்தான். எங்களிடம் இருந்த குறியீட்டுப் பட்டியலோடு எக்செலின் வீலுக்கப் (பொருத்தித் தேடும் வசதி) போட்டேன். மன்னார் என்று வந்தது. மன்னாருக்குப் பாய் போய்விட்டது என்று அன்று மாலைக் கூட்டத்தில் சொன்னேன். மன்னாருக்கு ஆயத்தமாக நின்ற லொறி ஒன்றை வேறு பக்கம் அனுப்பினார்கள்.

மறுநாள் மன்னாரில் வேலை செய்யும் அக்கா தொலைபேசி எடுத்தார். "தம்பி, எங்களுக்கு ஒரு பாயும் வரவில்லை. பிள்ளைகள் பாடசாலை மண்டபத்தில் சீமெந்துத் தரையில் படுத்திருக்கிறார்கள்" என்றார். விசாரித்தால் அந்த 180 பாயும் கிளிநொச்சியில்தான் கொடுக்கப்பட்டிருக்கின்றன. அனுப்பிய அமைப்பிடம் கேட்டேன். அவர்கள் பார்த்த பட்டியலில் 42 என்றால் கிளிநொச்சியாம். அதன் படத்தையும் எடுத்து அனுப்பினார்கள். உண்மையாகவே அப்படித்தான் இருக்கிறது.

அந்தப் பிள்ளைகள் இன்னும் இரண்டு இரவு வெறுந்தரையில் படுத்ததற்கு இந்த இரண்டு இலக்கம் காரணம் என்பது எனக்கு மனதில் நிற்கிறது. எந்தப் பட்டியல் சரி? விளங்கினவர்கள் சொல்லுங்கள்.


வரைபடவேலை, கொழும்பு

தம்பி, இரண்டும் சரி. அதுதான் இதில் உள்ள ஆபத்து.

ஒன்று ஐஎஸ்ஓ 3166 என்ற சர்வதேசத் தரத்தின் பட்டியல். அதில் 41 யாழ்ப்பாணம், 42 கிளிநொச்சி, 43 மன்னார், 44 வவுனியா, 45 முல்லைத்தீவு. மற்றது எங்கள் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் இலக்கம். அதில் 41 யாழ்ப்பாணம், 42 மன்னார், 43 வவுனியா, 44 முல்லைத்தீவு, 45 கிளிநொச்சி. நிவாரண உலகம் பாவிக்கும் பி-கோட், அதாவது இடக்குறியீடு, இந்த இரண்டாவதிலிருந்து வந்தது. ஐ.நா.வின் மனிதாபிமான உதவிகளை ஒருங்கிணைக்கும் ஓச்சா அலுவலகம் வெளியிடும் எல்லைத் தரவில் திணைக்கள இலக்கத்துக்கு முன்னால் எல்கே என்று நாட்டு எழுத்துகளைச் சேர்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

25 மாவட்டங்களையும் வரிசையாக வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். கொழும்பு 11, கண்டி 21, மட்டக்களப்பு 51, பதுளை 81 என்று எல்லாம் இரண்டு பட்டியலிலும் ஒன்றாகவே இருக்கும். மாறுவது வன்னியின் நான்கு மாவட்டங்கள் மட்டும். அதனால்தான் ஒருவருக்கும் கண்ணில் படுவதில்லை. தெற்கில் பத்து மாவட்டத்தைச் சரிபார்த்துவிட்டு "பொருந்துகிறது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். கிளிநொச்சி 1984இல்தான் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்து 25ஆவது மாவட்டமானது. கடைசியாக வந்த மாவட்டத்துக்குக் கடைசி இலக்கம் என்று பார்த்தால் 45 இயல்பாகப் படுகிறது.

கண்டுபிடிக்க ஒரு சின்ன அடையாளம்: ஐஎஸ்ஓ பட்டியலில் எழுத்துக்கும் இலக்கத்துக்கும் நடுவில் சிறுகோடு இருக்கும், பி-கோட்டில் இருக்காது. ஆனால் இதை மட்டும் நம்பாதீர்கள். அழகுக்காகக் கோடு போடுபவர்களும் இருக்கிறார்கள். எந்தப் பட்டியல், எந்த ஆண்டுப் பதிப்பு என்று ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் எழுதச் சொல்லுங்கள். பக்கத்துக் கட்டத்தில் மாவட்டப் பெயரும் கட்டாயம் வேண்டும். பெயரும் குறியீடும் முரண்பட்டால் அந்த வரியைத் தொடாமல் ஆளைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.


வன்னிமழை

நன்றி அண்ணா. அப்படியே ஒப்பிட்டேன், நீங்கள் சொன்ன நான்கும்தான் மாறுகின்றன. இன்னொன்றும் விளங்கவில்லை. கிராம அலுவலர் பிரிவுக்கு ஏழு இலக்கம் இருக்கிறதே, அதை எப்படி வாசிப்பது?


வரைபடவேலை

ஓர் உதாரணம். கொழும்பு வடக்கில் முகத்துவாரம். சிங்களத்தில் மோதர, ஆங்கிலத்தில் சிலர் மோதர என்றும் சிலர் முட்வால் என்றும் எழுதுவார்கள். ஒரே இடம், கடலோரம், ஆறு கடலில் விழும் இடம். அதன் குறியீடு எல்கே1103015. முதல் 1 மேல் மாகாணம். 11 கொழும்பு மாவட்டம். 1103 கொழும்பு பிரதேச செயலகப் பிரிவு. கடைசி 015 கிராம அலுவலர் பிரிவு. பெயர் எந்த மொழியில் வந்தாலும் இந்த இலக்கம் மாறாது. இடமிருந்து நான்கு இலக்கத்தை எடுத்தால் பிரதேச செயலகம், இரண்டை எடுத்தால் மாவட்டம். தாய் யார் பிள்ளை யார் என்று குறியீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

இன்னொரு விசயம் கவனியுங்கள். முகத்துவாரம் 015 என்றால் அதற்கு முந்தியது 014 இல்லை, மட்டக்குளி 010. ஐந்து ஐந்தாகத் தாண்டிப் போகிறது. பிரதேச செயலகங்கள் 03, 06, 09 என்று மூன்று மூன்றாக. நாளைக்கு ஒரு பிரிவு இரண்டாக உடைந்தால் நடுவில் சொருக இடம் இருக்கிறது. வயலில் வரப்புக்கு இடம் விட்டு நாற்று நடுவதுபோல. எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இது.

மொத்தம் 9 மாகாணம், 25 மாவட்டம், முந்நூற்று முப்பதுக்கு மேல் பிரதேச செயலகம், சுமார் 14,000 கிராம அலுவலர் பிரிவு.

ஒரு எச்சரிக்கை. யாழ்ப்பாணத்தில் விதானையார், அதாவது கிராம அலுவலர், கந்தோர்ப் பலகையில் "ஜே/" என்று தொடங்கும் எண் இருக்குமே, அது வேறு. மாவட்டத்துக்குள் நிர்வாகம் பாவிக்கும் எண் அது. சனங்களுக்குத் தெரிந்ததும் அதுதான். கள ஆட்கள் அதை எழுதி வந்தால் தூக்கி எறியாதீர்கள், தனிக் கட்டத்தில் வையுங்கள். இலங்கையின் வேறு இடங்களில் இப்படியான எண்கள் 3/5 போல் சாய்கோடு போட்டும் எழுதப்படும். எக்செல் அதைத் திகதி என்று எடுத்துக்கொள்ளும். கட்டத்தை முதலிலேயே "டெக்ஸ்ட்" ஆக்கிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும்.


கச்சேரியடி, மட்டக்களப்பு

தம்பிமாருக்கு வணக்கம். நான் ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தன். இந்தக் குறியீடு இல்லாத காலத்தில் வேலை செய்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2004 டிசம்பர் 26, சுனாமி. இலங்கையில் மட்டும் 30,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. இரண்டு வாரத்துக்குள் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலக, வாசலில் பெயர் தெரியாத அமைப்புகளெல்லாம் வரிசையில் நின்றன. ஆளுக்கொரு வரைபடம், ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். ஒருவர் காரைதீவு என்று எழுதி வருவார். அம்பாறை மாவட்டத்தில் கல்முனைக்குப் பக்கத்துக் காரைதீவு கடல் அடித்துப் பாழான ஊர். ஆனால் புத்தளத்திலும் ஒரு காரைதீவு உண்டு. யாழ்ப்பாணத்துக் காரைநகரையும் பழைய ஆங்கிலப் படங்களில் காரைதீவு என்றே போட்டிருப்பார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைக்கு இது எப்படித் தெரியும்?

புதுக்குடியிருப்பு இன்னும் மோசம். எங்கள் மட்டக்களப்பில் ஒன்று, முல்லைத்தீவில் ஒன்று, மன்னார்த் தீவில் ஒன்று. மட்டக்களப்புப் புதுக்குடியிருப்புக்கு என்று கேட்டிருந்த தண்ணீர்த் தாங்கிகள் வரவேயில்லை. ஐந்து நாள் தேடினோம். கடைசியில், கொழும்பில் எழுதிய காகிதத்தில் மாவட்டம் விடுபட்டிருந்ததும், தாங்கிகள் வடக்கே போகும் லொறியில் ஏறியிருந்ததும் தெரிந்தது. அந்தச் சனங்களும் கடலில் எல்லாம் இழந்தவர்கள், அவர்களுக்கும் தண்ணீர் வேண்டியதுதான். ஆகையால் திருப்பிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஐந்து நாள் எங்கள் சனம் உப்புக் கிணற்றுத் தண்ணீர் குடித்தது.

2005இல் மனிதாபிமானத் தகவல் நிலையம் என்று ஒன்றை ஐ.நா. ஆட்கள் இங்கே நடத்தினார்கள். "பி-கோட்" என்ற சொல்லை முதல் முதல் அங்கேதான் கேட்டேன். சுவரில் பெரிய படம், ஒவ்வொரு பிரிவிலும் இலக்கம். கூட்டத்தில் ஊர்ப் பெயர் சொல்லாமல் இலக்கத்தைச் சொல் என்றார்கள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. மூன்றாவது கூட்டத்தில் வாக்குவாதம் பாதியாகக் குறைந்ததைக் கண்டபிறகு நானே என் உத்தியோகத்தர்களுக்கு அச்சடித்துக் கொடுத்தேன்.


தேயிலைமலை, பதுளை

கச்சேரியடி ஐயா எழுதியதை வாசித்தபோது நெஞ்சு கனத்தது. எங்கள் பக்கத்துக் கதை வேறு மாதிரி. எங்களுக்குக் குறியீடு இருக்கிறது, ஆனால் நாங்கள் அதற்குள் தெரிய மாட்டோம்.

ஒரு கிராம அலுவலர் பிரிவை எடுங்கள். அதற்குள் ஒரு சிங்களக் கிராமம், ஒரு கடைவீதி, இரண்டு தோட்டம் இருக்கும். பிரிவின் பெயர் கிராமத்தின் பெயர். தோட்டத்துக்குள் மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு. ஒவ்வொரு பிரிவிலும் ஏழெட்டு லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள். ஒரு லயத்திலிருந்து அடுத்த லயத்துக்கு நடந்தால் முக்கால் மணி நேரம் ஆகும் இடங்களும் உண்டு. நிலச்சரிவு ஒரு லயத்தை மூடும், பக்கத்து லயத்துக்குக் கீறலும் விழாது. அறிக்கையில் வருவது முழுப் பிரிவுக்கும் ஒரே இலக்கம். உதவிக்கு வருபவர்கள் அந்த இலக்கத்தைப் பார்த்து வண்டியைக் கடைவீதியில் நிறுத்துவார்கள். அங்கேயே கொடுத்து முடித்துவிடுவார்கள்.

2014 அக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. அதன்பிறகு எத்தனை பேர் உள்ளே இருந்தார்கள் என்பதற்கே பல நாள் வெவ்வேறு எண்கள் சொன்னார்கள். எந்த லயத்தில் யார் இருந்தார்கள் என்ற பட்டியல் கையில் தயாராக இருந்திருந்தால் அந்தக் குழப்பத்தில் பாதியாவது குறைந்திருக்கும். எங்கள் ஆட்களில் நிறையப் பேருக்குத் தனி முகவரியே கிடையாது, கடிதம் தோட்டத்துக் கந்தோருக்குத்தான் வரும். அங்கே கிடந்து பிந்திக் கிடைத்த நேர்முகப் பரீட்சைக் கடிதங்கள் பற்றி எங்கள் வீட்டிலேயே கதை உண்டு.

டித்வா நேரம் நான் ஒரு வேலை செய்தேன். எங்கள் தோட்டத்தின் ஒவ்வொரு பெரட்டுக்களத்திலும் (காலையில் வேலைக்கு ஆட்கள் கூடும் இடம்), ஒவ்வொரு லயத்தின் முதல் காம்பராவிலும் (வீட்டு அறை) நின்று கைபேசியில் இடத்தைக் குறித்தேன். 23 புள்ளிகள். லயத்துக்குச் சனங்கள் சொல்லும் பெயரையே எழுதினேன்: "மாரியம்மன் கோயில் லயம்", "பிள்ளைக்காம்பரா லயம்", "பத்துக்காம்பரா". இப்போது இதை யாரிடம் கொடுப்பது, இதற்கு என்ன குறியீடு போடுவது என்று தெரியவில்லை. அதைக் கேட்கத்தான் வந்தேன்.


வரைபடவேலை

தேயிலைமலை, நீங்கள் செய்தது மிகப் பெரிய வேலை. தயவுசெய்து அந்தக் கோப்பை இரண்டு மூன்று இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள்.

எல்லைக்குரிய குறியீடு ஒரு வகை, குடியிருப்புக்குரியது இன்னொரு வகை. எல்லை ஒரு பரப்பு, குடியிருப்பு ஒரு புள்ளி. இலங்கையில் கிராம அலுவலர் பிரிவு வரை பரப்புகளுக்குக் குறியீடு ஒழுங்காக இருக்கிறது. அதற்குக் கீழே லயம், மீள்குடியேற்றக் கிராமம், முகாம் என்று வந்தால் எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒரே பட்டியல் கையில் இல்லை. 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் போரால் இடம்பெயர்ந்த லட்சக்கணக்கான சனம் இருந்தபோதும் இதே நிலைதான். ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் என்று வலயங்களுக்குப் பெயர் வைத்து, அந்த வலயத்தின்படிதான் தண்ணீரும் உணவும் கணக்குப் பார்த்தார்கள். முகாம் 2012 செப்டம்பரில் மூடியது. ஒரு காலத்தில் ஒரு நகரத்தின் சனத்தொகை இருந்த இடத்துக்கு இன்றைய நிர்வாகப் பட்டியலில் தனி வரி கிடையாது.

உங்கள் 23 புள்ளிக்கும் நீங்களே குறியீடு வையுங்கள். கிராம அலுவலர் பிரிவின் ஏழு இலக்கத்தை முன்னால் போட்டு, பிறகு ஓர் இடைக்கோடு, பிறகு 005, 010 என்று இடைவெளி விட்டு எண். இடைக்கோடு இருப்பதால் இது அதிகாரபூர்வக் குறியீடு இல்லை, உள்ளூரில் வைத்தது என்று பார்த்ததும் தெரியும். ஒரு குறியீட்டைக் கைவிட்டால் அதைத் திரும்ப வேறு லயத்துக்குக் கொடுக்கவே கூடாது. மண்ணுக்குள் போன லயத்தின் இலக்கமும் பட்டியலில் இருக்கட்டும், பக்கத்தில் திகதி போட்டு.

பிறகு யாரும் சேர்க்கக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றுங்கள். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றுக்கும் தனித்தனிப் பெயர்க் கட்டம் இருக்கிறது. மலையகத்தில் தமிழ்க் கட்டம் பெரும்பாலும் காலி. "மாரியம்மன் கோயில் லயம்" என்று நீங்கள் எழுதியதை அப்படியே போடுங்கள், திருத்தாதீர்கள். இரவில் மழையில் வழி கேட்கிறவன் அந்தப் பெயரைத்தான் சொல்லிக் கேட்பான்.


பாலாறு, ராணிப்பேட்டை

தமிழ்நாட்டிலிருந்து எழுதுகிறேன். 2015 சென்னை வெள்ளத்திலிருந்து தன்னார்வலராக இந்த மாதிரி பட்டியல் வேலைகள் பார்க்கிறேன். தேயிலைமலை அக்கா சொன்னதைப் படித்ததும் எங்க ஊர் நினைவுதான் வந்தது.

இங்கே மத்திய அரசின் உள்ளாட்சி டைரக்டரியில் ஒவ்வொரு வருவாய் கிராமத்துக்கும் ஊராட்சிக்கும் எண் உண்டு. எல்ஜிடி கோட் என்பார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேறு எண். வருவாய் கிராமம் ஒன்று, ஊராட்சி ஒன்று. இரண்டும் ஒரே பெயரில் இருந்தாலும் எல்லை ஒன்றாக இருக்கணும்னு இல்லை. தாசில்தார் ஆபீஸில் ஒரு கணக்கு, பிடிஓ ஆபீஸில் ஒரு கணக்கு. அப்புறம் ஊராட்சிக்குக் கீழே குக்கிராமங்கள்.

எங்க ஊரில் ஊருக்கும் காலனிக்கும் நடுவே அரை கிலோமீட்டர் வயல். பட்டியலில் ஒரே கோட். நிவாரண லாரி ஊருக்குள் வந்து பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் நிற்கும். "இந்தக் கிராமம் முடிந்தது" என்று டிக் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். காலனிக்கு ஒன்றும் வந்திருக்காது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கத்தில் தலித் குடியிருப்புகளுக்கு உதவி சேரவில்லை என்று அப்போதே பலரும் எழுதினார்கள். அதனால் நான் எந்தப் பட்டியல் போட்டாலும் குக்கிராமத்துக்குத் தனி வரி இல்லாமல் விடுவதில்லை. "பெரிசா வேலையாகும் சார்" என்று கூட இருப்பவர்கள் சலித்துக்கொள்வார்கள். ஆகட்டும்.

இன்னொன்று, ஆண்டு. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக்கு 32 மாவட்டம். 2019இலும் 2020இலும் பிரிந்து இப்போது 38. எங்க ஊர் 2011 பட்டியலில் வேலூர் மாவட்டம், இன்றைக்கு ராணிப்பேட்டை மாவட்டம். வேலூர் மூன்றாகப் பிரிந்தது தெரியாத ஒருவர் மக்கள்தொகையைப் பழைய பட்டியலிலிருந்தும் பாதிப்பைப் புதிய பட்டியலிலிருந்தும் எடுத்து சதவீதம் போட்டிருந்தார். மூன்று மாவட்ட ஜனத்தொகையால் ஒரு மாவட்டப் பாதிப்பை வகுத்தால் எல்லாம் குறைவாகத்தானே தெரியும்?


மேகநடை

பாலாறு சொல்லும் அந்த ஆண்டுப் பிரச்சினையின் உச்சத்தை நேபாளத்தில் பார்த்தேன். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கே இரண்டு தடவை வேலைக்குப் போனேன். முதல் தடவை 75 மாவட்டம், அதன் கீழே மூவாயிரத்துக்கும் அதிகமான விடிசி, அதாவது கிராம அபிவிருத்திக் குழு. ஒவ்வொன்றிலும் 9 வார்டு. வீடு இடிந்தவர்களின் பட்டியல் முழுக்க அந்த விடிசி, வார்டு எண்களில்தான்.

2017இல் கூட்டாட்சி அமைப்பு வந்தது. விடிசி எல்லாம் ஒழிக்கப்பட்டன. 7 மாகாணம், 77 மாவட்டம், 753 உள்ளாட்சி. வீடு கட்டும் மானியம் பாதியில் நிற்கிறது, அதற்குள் ஒவ்வொரு வீட்டின் முகவரியும் மாறிவிட்டது. நான் பார்த்த மலைக் கிராமத்தில் ஒரு மூதாட்டி கையில் வைத்திருந்த சீட்டில் வார்டு 7. புதிய வார்டு 2. வார்டு கந்தோரில் 7 என்று ஒன்றே இல்லை என்றார்கள். அவர் அதே வீட்டு இடிபாட்டுக்குப் பக்கத்தில், அதே தகரக் கொட்டகையில்தான் இருந்தார்.

நாங்கள் ஒரு மாற்று அட்டவணை செய்தோம்: பழைய குறியீடு ஒரு பக்கம், புதிய குறியீடு மறு பக்கம். சில விடிசி முழுதாக ஒரே உள்ளாட்சிக்குள் போயிருந்தன, அது சுலபம். சில வார்டு வார்டாகப் பிரிந்து இரண்டு உள்ளாட்சிக்குப் போயிருந்தன. அதற்குத்தான் நாள்கணக்கில் உட்கார்ந்தோம். பழைய பட்டியலை யாரோ "தேவையில்லை" என்று அழித்திருந்தால் அதுவும் முடிந்திருக்காது. எல்லை மாறினால் பழைய குறியீட்டைப் புதிய எல்லைக்குக் கொடுக்காமல் புதுக் குறியீடு கொடுக்க வேண்டும் என்று நிவாரண வேலைக்காரர்கள் கறாராக நிற்பது இதனால்தான்.


வன்னிமழை

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். இப்போது புதுத் தலையிடி. யாழ்ப்பாண மாவட்டத் தாள்களில் குறியீடே இல்லை, தமிழ்ப் பெயர் மட்டும். பெயரை வைத்துப் பொருத்தப் பார்த்தால் பாதிக்கு மேல் விழுந்துவிடுகிறது. கண்ணுக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் தெரிகிறது! "கோப்பாய்" இரண்டிலும் கோப்பாய்தான். எக்செல் இல்லை என்கிறது.


வரைபடவேலை

இது தமிழுக்கே உரிய சிக்கல். "கோ" என்பதை யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றே சேர்ந்த வடிவம் ஒன்று. முன்னால் ஏகாரக் கொம்பு, பின்னால் கால் என்று இரண்டாகத் தட்டியது மற்றது. திரையில் வித்தியாசமே தெரியாது, கணினிக்கு இரண்டும் வேறு சொல். யுனிகோட் ஒழுங்குபடுத்தல் என்று தேடினால் ஒரு வரி நிரல் கிடைக்கும், முழுக் கட்டத்திலும் ஓட்டுங்கள். பழைய தாள்கள் யுனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் இருந்தால் முதலில் யுனிகோடுக்கு மாற்ற வேண்டும். சொல்லின் முடிவில் ஒட்டிய வெற்றிடத்தையும் வெட்டுங்கள்.

அதன் பிறகும் விழுபவை உண்மையான பெயர் வேறுபாடுகள். யாழ்ப்பாணத்தின் 15 பிரதேச செயலகங்களில் பலவற்றுக்கு இரட்டைப் பெயர் உண்டு. நிர்வாகம் வலிகாமம் கிழக்கு என்னும், சனம் கோப்பாய் என்னும். வலிகாமம் வடக்கு தெல்லிப்பழை, வலிகாமம் தெற்கு உடுவில், வலிகாமம் மேற்கு சங்கானை, வலிகாமம் தென்மேற்கு சண்டிலிப்பாய், வடமராட்சி தென்மேற்கு கரவெட்டி, வடமராட்சி கிழக்கு மருதங்கேணி. ஊர்காவற்றுறையைச் சிலர் ஊர்காவற்துறை என்பார்கள், ஆங்கிலத்தில் கைற்ஸ். நெடுந்தீவு டெல்ஃப்ட். பருத்தித்துறை பொயின்ற் பீட்றோ. இவற்றுக்கு ஒரு மாற்றுப் பெயர்ப் பட்டியலை ஒரு தடவை செய்துவைத்தால் ஆண்டுக்கணக்கில் பயன்படும்.


ஊரவன்

மன்னிக்கவும், நான் இந்த உற்சாகத்தோடு சேர முடியவில்லை. எங்கள் ஊர்ப் பெயர்களுக்காக எவ்வளவு இழந்திருக்கிறோம். மணலாறு என்று நாங்கள் சொல்கிறோம், அரச பட்டியலில் வெலிஓயா. கல்முனை வடக்குப் பிரதேச செயலகம் ஒரு பட்டியலில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. எல்லையைக் கீறுகிறவர்கள் கீறிய பிறகு அதற்கு ஓர் இலக்கமும் போட்டால், கீறியது சரி என்று ஒப்புக்கொண்டதாக ஆகாதா? விதானையாரைக் கேட்டால் எந்த வீடு எங்கே என்று சொல்வார். இலக்கம் எதற்கு?


கச்சேரியடி

ஊரவன் தம்பி, உங்கள் கவலை நியாயமானது. ஐ.நா. படங்களின் அடியிலேயே, எல்லைகளையும் பெயர்களையும் காட்டியிருப்பது அவற்றை ஏற்றுக்கொண்டதாகாது என்று ஒரு வரி போட்டிருப்பார்கள். அந்த வரி உங்களுக்கு ஆறுதல் தராது என்பது தெரியும். எல்லைப் பிரச்சினை இலக்கத்தால் தீராது, தீர்க்கிற இடமும் இது இல்லை.

ஆனால் நான் கண்டதைச் சொல்கிறேன். பெயரில் மட்டும் நின்றால், எந்தப் பெயரை எழுதுவது என்ற சண்டையில் பட்டியலே நின்றுபோகும். இலக்கம் இருந்தால் மூன்று மொழிப் பெயரையும் பக்கத்தில் எழுதலாம், மணலாறும் இருக்கும். விதானையார் விசயத்தில் உங்களோடு முழுதாக உடன்படுகிறேன். குறியீடு பிரிவு வரைதான் கொண்டுபோய் விடும், அதற்குப் பிறகு விதானையாரோடு நடக்க வேண்டும். சில பிரிவுகளில் விதானையார் புதிதாக மாறி வந்தவராக இருப்பார், அப்போது கோயில் தலைவரையும் மாதர் சங்கத்தையும் பள்ளிவாசல் நிர்வாகத்தையும் கேட்க வேண்டும்.


ஊரவன்

மூன்று பெயரும் கட்டாயம் என்றால் எனக்குச் சம்மதம், ஐயா. எங்கள் பிரிவின் பழைய குறிச்சிப் பெயர்கள் என்னிடம் இருக்கின்றன. 40 வருடத்துக்கு முந்திய காணி உறுதிகளிலிருந்து எழுதி வைத்தவை. தேவையென்றால் தருகிறேன்.


மேகநடை

தரும்போது ஒன்றைக் கவனியுங்கள். இடப் புள்ளியும் குறியீடும் எல்லோருக்கும் பொதுவாக இருக்கலாம். அதோடு குடும்பத்தலைவர் பெயர், அடையாள அட்டை எண், விதவை, மாற்றுத்திறனாளி என்ற விபரம் ஒட்டிக்கொண்டு வாட்ஸ்அப்பில் சுற்றுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். தனியே வாழும் பெண்ணின் வீட்டுக்குத் துல்லியமான புள்ளி போட்டுக் குழுவில் பகிர்வது அவளுக்கு ஆபத்து. வெளியே போகும் தாளில் கிராம அலுவலர் பிரிவும் எண்ணிக்கையும் மட்டும் போதும். வீட்டு விபரம் கொடுக்கப் போகிறவரிடம் மட்டும் இருக்கட்டும்.


தேயிலைமலை

நான் லயத்தின் முதல் காம்பராவில் மட்டும்தான் புள்ளி வைத்தேன், வீடு வீடாக வைக்கவில்லை. நல்லதாகப் போயிற்று. வரைபடவேலை அண்ணா சொன்னபடி குறியீடு போட்டுவிட்டேன். இரண்டு லயம் இப்போது ஆளில்லாமல் கிடக்கிறது, கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் வந்து பார்த்துவிட்டு இருக்க வேண்டாம் என்றார்கள். அவற்றின் இலக்கத்தை அழிக்காமல் "2025 நவம்பர் வரை" என்று போட்டிருக்கிறேன். அந்தச் சனம் இப்போது பாடசாலையில். பாடசாலைக்கும் தற்காலிக இலக்கம் ஒன்று வைத்தேன்.


வன்னிமழை

இன்றோடு எட்டு நாள். என்ன செய்தேன் என்று எழுதுகிறேன்.

எல்லா அமைப்புக்கும் புதுத் தாள் அனுப்பினேன். முதல் வரியில் எந்தப் பட்டியல், எந்த ஆண்டு. அதன் கீழ் மாவட்டப் பெயர், பி-கோட், பிரிவுப் பெயர் மூன்று மொழியில், ஊர் சொல்லும் பெயர், உள்ளூர்க் குறியீடு, திகதி. மன்னார், கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு வரிகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் உறுதிப்படுத்தினோம். இன்னும் இரண்டு அமைப்பு ஐஎஸ்ஓ இலக்கம் பாவித்திருந்தது தெரிந்தது. அதில் ஒன்று முல்லைத்தீவுக்குப் போன உலருணவு, எங்கள் கணக்கில் கிளிநொச்சியில் நின்றது.

ஒழுங்குபடுத்தலுக்குப் பிறகு யாழ்ப்பாணப் பெயர்கள் ஏறக்குறைய எல்லாம் பொருந்திவிட்டன. மூன்று ஊர் மட்டும் எந்தப் பட்டியலிலும் அகப்படவில்லை. மூன்றும் மருதங்கேணிப் பக்கத்துக் கடலோரக் குடியிருப்புகள். திங்கட்கிழமை நானும் ஊரவன் அண்ணாவும் நேரில் போய் விதானையாரைப் பார்க்கிறோம்.

மன்னார் அக்காவுக்குச் சனிக்கிழமை 200 பாய் போய்ச் சேர்ந்தது. லொறிச் சாரதியின் கடதாசியில் பிரிவின் பெயரை மூன்று மொழியிலும் எழுதி, அதன் கீழே ஏழு இலக்கத்தையும் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். இறக்கிய பிறகு அக்கா அந்தக் கடதாசியைப் படமெடுத்து அனுப்பினார், மழையில் மை கொஞ்சம் கரைந்திருந்தது, இலக்கம் வாசிக்கக்கூடியதாக இருந்தது.